தெரிந்தும் கை ஓடவில்லை

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 39 வயது. திருப்பூரில் இருக்கிறேன். பனியன் ஜாப் ஒர்க் செய்யும் சின்னச் சின்ன யூனிட்டுகள் 22-க்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். போன வருடம் என் ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்று டாக்டர் சொன்னார். அவனுக்காகக் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பும்போது ஒவ்வொரு கேள்வியும் என்னைப் பற்றியே கேட்பதுபோல் இருந்தது. அப்புறம் எனக்கும் பார்த்தார்கள். அம்மாவிடம் பேசினார்கள், பழைய ரேங்க் கார்டு கேட்டார்கள். எனக்கும் இருக்கிறது, கவனக்குறைவு வகை என்றார்கள். நான்கு மாதமாக அதற்கான மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன்.

மாத்திரை போட்டால் தலைக்குள் இருக்கிற இரைச்சல் குறைகிறது, உண்மைதான். ஆனால் போன மாதம் 18ஆம் தேதி ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து எக்செல் ஷீட்டுக்குக் கலர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரிட்டர்ன் போடவில்லை, கடைசி நாளான 20ஆம் தேதியும் போய்விட்டது. மூன்று பேருக்கு லேட் ஃபீஸ், என் கைக்காசு. "மாத்திரை சாப்பிட்டுமா இப்படி?" என்கிறார் வீட்டுக்காரர். மூன்று டைரி வாங்கினேன், மூன்றும் ஜனவரியோடு நின்றுவிட்டன. என்ன செய்யணும் என்று தெரியாமல் இல்லை அக்கா, தெரிந்தும் செய்ய முடியவில்லை. இது நோயா, சாக்கா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே தோன்றுவதில்லை.

ஆன்லைனில் ஒருவர் மூன்று மாத ஏடிஎச்டி கோச்சிங்குக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். முடிந்ததும் மாத்திரையே தேவைப்படாது என்கிறார். சேரலாமா? நீங்களும் ஏடிஎச்டி கோச்தானே, கோச்சிங்கில் என்னதான் செய்வீர்கள்? உங்களுக்கும் இது இருக்கிறது என்கிறீர்கள். அப்படியிருக்க, மற்றவர்களுக்கு எப்படி உதவ முடிகிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் பணம் கட்டாதீர்கள். மருந்தைத் தொடங்குவது, அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் மனநல மருத்துவரின் வேலை. கோச்சுக்கு அதில் ஒரு சொல்கூடச் சொல்ல உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. அந்த 45,000 ரூபாயைப் பற்றி அப்புறம் பேசலாம்.

"தெரிந்தும் செய்ய முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்த எல்லாரும், கிட்டத்தட்ட இதே சொற்களில், இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகளாக வலியுறுத்துவதும் இதையே: ஏடிஎச்டி உள்ளவருக்கு அறிவில் குறை இல்லை, தெரிந்ததை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் செயலாக்கும் இடத்தில்தான் தடங்கல். ஜிஎஸ்டி சட்டம் உங்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. 22 முதலாளிகள் நம்பிக் கணக்கைக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு "20ஆம் தேதிக்குள் போட்டுவிடு" என்று நூறாவது முறையாக நினைவுபடுத்துவதால் என்ன ஆகப்போகிறது? டைரியும் அதைத்தான் செய்தது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி எழுதிவைத்தது. அதனால்தான் ஜனவரியோடு நின்றது. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

நோயா, சாக்கா என்ற கேள்வி உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது சமூக ஊடகம் வந்தபின் கிளம்பிய பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே லண்டனில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றியிருக்கிறார். வளர வளரச் சரியாகிவிடும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பலருக்கு அது பெரியவர்களானபின்னும் தொடர்கிறது என்பது பின்னால்தான் தெளிவாகியது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்று மாற்றினார்கள். ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதையும் வைத்தார்கள். உங்கள் அம்மாவிடம் பேசியதும் ரேங்க் கார்டு கேட்டதும் அதற்காகத்தான். உங்கள் டாக்டர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்.

உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு. ஆகவே மகனுடைய கேள்வித்தாளில் அம்மா தன்னைப் பார்ப்பது நாங்கள் அடிக்கடி காண்பதுதான். வகுப்பில் ஓடி ஆடி மேஜை தட்டுகிற பையன் உடனே கண்ணில் படுவான். ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு உலகத்தில் இருக்கும் பெண் குழந்தையை "சாது" என்று பாராட்டி விட்டுவிடுவார்கள். அந்தக் குழந்தைக்கு முப்பது வருடம் கழித்துப் பெயர் கிடைக்கிறது. எனக்கு 43 வயதில் கிடைத்தது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பழுப்பு நிறக் கவர், ஓர் ஓரத்தில் நீல முத்திரை. வாங்கி, கையெழுத்துப் போட்டு, பிரிட்ஜ் மேல் வைத்தேன். சாயங்காலம் பிரிக்கலாம் என்று நினைத்தேன். பதினோரு மாதம் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு முறை பால் எடுக்கப் போகும்போதும் கண்ணில் படும், வயிற்றுக்குள் ஏதோ கவ்விப்பிடிக்கும், கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். அதன்மேல் கல்யாணப் பத்திரிகைகள் வந்து சேர்ந்தன, கேலண்டர் சுருள் வந்தது. கீழே அது இருக்கிறது என்பது மட்டும் மறக்கவே இல்லை. உள்ளே கோர்ட் நோட்டீஸ் இருக்கலாம், ஜப்தி இருக்கலாம் என்று ராத்திரி படுத்துக்கொண்டு நினைப்பேன். வேலையில் கோடிக்கணக்கில் கணக்கு சரிபார்க்கும் ஒருத்தி, ஒரு கவரைக் கிழிக்க முடியாமல் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழி வந்தாள். எப்படியோ அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, "இதுக்கா?" என்று கேட்கவில்லை. அரிவாள்மனையை எடுத்துத் தரையில் போட்டு, "நீ பிரி, நான் அவரைக்காய் நறுக்குறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நறுக் நறுக் என்ற சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க, நான் பிரித்தேன். ஒரு படிவத்தில் என் கையெழுத்து விட்டுப்போயிருந்தது, போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பிரித்து, படித்து, கையெழுத்துப் போட்டு, வேறு கவரில் வைத்து ஒட்ட ஏழு நிமிடம் ஆயிற்று. அவள் பாதி அவரைக்காய்கூட நறுக்கி முடிக்கவில்லை.

அன்று நான் அழுதேன். ஆனால் ஒரு கேள்வியும் பிடித்துக்கொண்டது: பதினோரு மாதமாக வராத தெம்பு, பக்கத்தில் ஒருத்தி காய் நறுக்கியதும் எங்கிருந்து வந்தது? மருத்துவரிடம் போனது, பெயர் தெரிந்தது, மருந்து, படிப்பு, பிறகு வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்தவைதான்.

இப்போது உங்கள் 18ஆம் தேதி ராத்திரிக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது, கேட்ட விதம்தான் வலிக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி?

நான் உங்களிடம் முதலில் கேட்பது: மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? காலை எட்டு மணி என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண மெத்தில்பெனிடேட் மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை என்றால் எட்டு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மகனைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துணி துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மதியம் அவன் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு. கணக்கு எழுத லேப்டாப்பைத் திறந்தது ராத்திரி ஒன்பதரைக்கு. இது என் ஊகம்தான், ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஊகம் சரியென்றால், ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது மருந்தின் வேலை முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். மாத்திரை கொடுத்த தெளிவு முழுவதும் சாம்பாருக்கும் துணிக்கும் போய்விட்டது. உங்கள் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதை மணிக்கணக்கோடு எழுதி அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், ராத்திரிக்கென்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது, தூக்கம் கெடும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், இல்லையென்றால் கேளுங்கள்.

இரண்டாவது விஷயம், மருந்து கவனத்தைக் கொடுக்கும், அதை எதன்மேல் வைப்பது என்று அது சொல்லாது. கலர் கொடுப்பது சுலபம், செய்தவுடனே பலன் கண்ணுக்குத் தெரியும். ரிட்டர்னில் ஏதோ ஒரு முள் இருந்திருக்கிறது. முள் இருக்கும் இடத்துக்குப் போகாமல் மனம் பக்கத்திலேயே வேலை செய்வதுபோல் சுற்றிச் சுற்றி வரும். அந்த முள் எது என்று கண்டுபிடிப்பதுதான் கோச்சிங்கின் பெரும்பாதி.

கோச்சிங் என்றதும் நம் ஊரில் நீட் சென்டர்தான் நினைவுக்கு வரும். பாடம் நடத்துவார்கள், தேர்வு வைப்பார்கள் என்று. இதில் பாடமே கிடையாது. எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1990களில் இந்த யோசனையைப் பரவலாக்கினார்கள். ஹாலோவெல்லுக்கே ஏடிஎச்டி உண்டு. விளையாட்டு வீரருக்குப் பக்கத்தில் மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளர்போல, அன்றாட வேலைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பது, அதுதான் அடிப்படை.

நடைமுறையில் எப்படி என்று ஒன்று சொல்கிறேன், அவர் அனுமதியோடு, அடையாளம் மாற்றி. அச்சகம் வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். நல்ல ஆர்டர் ஒன்றுக்குக் கொட்டேஷன் அனுப்ப வேண்டும், மூன்று வாரமாக அனுப்பவில்லை. "சோம்பேறித்தனம் மேடம்" என்றார். சோம்பேறி என்ற சொல்லை என்னிடம் கட்டணம் கட்டிப் பேசும் நேரத்தில் சொல்ல நான் விடுவதில்லை, ஏனென்றால் அதற்குமேல் யோசிக்க முடியாமல் அது கதவைச் சாத்திவிடுகிறது. போனை ஸ்பீக்கரில் வைத்துக் கொட்டேஷனைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். வாடிக்கையாளர் பெயர் போட்டார், தேதி போட்டார். நின்றுவிட்டார்.

"இப்போ கை எங்கே நின்னுச்சு?"

"ரேட்ல."

"ரேட் தெரியாதா?"

"பேப்பர் ரேட் மாறியிருக்கும். கடைக்காரர்கிட்ட கேட்கணும்."

"கேட்கலாமே?"

நீண்ட நேரம் சத்தமே இல்லை. அந்தப் பேப்பர் கடைக்காரருக்கு ஆறாயிரம் ரூபாய் பாக்கி. இரண்டு மாதம் ஆகிறது. அழைத்தால் பாக்கியைக் கேட்பார். அதனால் அழைக்கவில்லை, அழைக்காததால் ரேட் இல்லை, ரேட் இல்லாததால் கொட்டேஷன் இல்லை. மூன்று வாரமாக அவர் மேஜையில் கொட்டேஷனை முறைத்துக்கொண்டிருந்தார், முள் கடைக்காரரின் எண்ணில் இருந்தது. பேச வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று முடிவு செய்தோம். என்ன எழுதுவது என்று அவரே சொல்லிக்கொண்டே தட்டினார்: "அண்ணா, பாக்கியை வெள்ளிக்கிழமை போடுறேன். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு இன்னைக்கு ரேட் என்ன?" அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு நிமிடம் எடுத்தார். நான் எதுவும் பேசவில்லை, லைனில் இருந்தேன். நாலாவது நிமிடம் பதில் வந்தது. வெறும் ரேட். பாக்கியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த அழைப்பு முடிவதற்குள் கொட்டேஷன் போய்விட்டது.

என் பங்கு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். யோசனை சொல்லவில்லை, ஊக்கமூட்டிப் பேசவில்லை. கை நின்ற இடத்தில் இருந்தேன், அவ்வளவே.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: லேட் ஃபீஸ் ஆன அந்த மூன்று யூனிட்டுகளில் ஏதோ ஒன்றின் கொள்முதல் பில் வரவில்லை, அல்லது விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து ஜிஎஸ்டி தளத்தில் 14ஆம் தேதி வந்த டூ-பி அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. அந்த முதலாளியை அழைக்க வேண்டும். அவர் போனமுறை எரிந்து விழுந்திருப்பார். அந்த ஒரு போன் காலைத் தவிர்க்க, மூன்று பேருடைய ரிட்டர்னும் நின்றது. இல்லையென்றால் வேறொரு முள் இருக்கும். உட்கார்ந்து தேடுங்கள், நிச்சயம் இருக்கும்.

மாதாமாதத் தாக்கலை 20ஆம் தேதியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். நமக்கு நேரம் என்பது "இப்போது", "இப்போது இல்லை" என்ற இரண்டே வகை. 19ஆம் தேதி ராத்திரிதான் 20 என்பது "இப்போது" ஆகும். 15ஆம் தேதியையே கடைசி நாள் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிப் பார்த்திருப்பீர்கள், ஏமாந்திருக்க மாட்டீர்கள், பொய்த் தேதி என்று மனசுக்குத் தெரியும். தேதியில் இன்னொரு மனிதர் இருந்தால்தான் அது நிஜத் தேதியாகும். எனக்குத் தோன்றுவது இது: டூ-பி 14ஆம் தேதி வந்துவிடுகிறது. 15, 16, 17 மூன்று நாளில் 22 பேரைப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், காலாண்டு முறையில் இருப்பவர்களைக் கழித்தால் இன்னும் குறைவு. அந்த மூன்று நாளும் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை, இதே வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணோடு வீடியோ காலில் உட்காருங்கள். திருப்பூரில் உங்களைப்போல் நிறையப் பேர் இருப்பார்கள். பேச வேண்டாம், அவரவர் ரிட்டர்னை அவரவர் போடுங்கள். பிளஸ் டூ பரீட்சைக்குக் கம்பைன் ஸ்டடி செய்தோமே, மொட்டை மாடியில், பாதி நேரம் ஒருவரோடொருவர் பேசாமல், ஆனால் அவள் படிக்கிறாள் என்பதாலேயே நாமும் படித்தோமே, அதேதான். ஏடிஎச்டி உலகில் இதற்கு பாடி டபுளிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை. மகன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் அம்மா பூ கட்டிக்கொண்டிருப்பதும் இதுதான்.

ராத்திரி வேலை தவிர்க்க முடியாத நாளில் உங்கள் வீட்டுக்காரரிடம் இதையே கேளுங்கள். ஹாலிலிருந்து "இன்னுமா முடியல?" என்று குரல் கொடுப்பதற்குப் பதில், முக்கால் மணி நேரம் அதே மேஜையில் அவர் வேலையை வைத்துக்கொண்டு உட்காரட்டும். கணவர்களிடம் நான் வெளிப்படையாகவே சொல்வதுண்டு: நினைவுபடுத்துவது உதவியில்லை, பக்கத்தில் இருப்பது உதவி. பாதிப் பேர் செய்கிறார்கள். செய்பவர்கள், "இவ்வளவு தானா?" என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

மேஜைமேல் கண்ணுக்குத் தெரிகிற டைமர் ஒன்று, முள் நகர்வது தெரியும் வகை, வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வைத்தால் அணைக்கும்போதே போனுக்குள் போய்விடுவோம். எக்செல்லைத் திறக்கும் முன் ஒரு சின்னத் தாளில் அந்த யூனிட்டின் பெயரை மட்டும் எழுதி விசைப்பலகைக்கு மேலே ஒட்டுங்கள், கை கலருக்குப் போகும்போது கண்ணில் படும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த ஒரு முறையும் கைகொடுக்கும்: "பில்லை வாங்க வேண்டும்" என்று பொதுவாக எண்ணுவதைவிட, "மகனை வேனில் ஏற்றிவிட்டு வாசல் கேட்டைச் சாத்தியதும், நின்ற இடத்திலேயே இன்னாரை அழைப்பேன்" என்று இடத்தோடும் நேரத்தோடும் முடிச்சுப் போடுவது. இவற்றில் ஒன்றை மட்டும் இந்த மாதம் எடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி, நாலாம் நாள் மூன்றையும் விடுவது நம் பழக்கம், அது உங்களுக்கும் தெரியும்.

லேட் ஃபீஸை நீங்கள் கட்டுவதை நிறுத்த வேண்டும். நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி ஏதும் இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20. தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு முறை கட்டும்போதும் "நான் குற்றவாளி" என்று உங்களுக்கு நீங்களே ரசீது போட்டுக்கொள்கிறீர்கள். 22 பேருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: "12ஆம் தேதிக்குள் பில் வந்தால் தாமதம் என் பொறுப்பு. அதற்குப் பிறகு வந்தால் லேட் ஃபீஸ் உங்கள் பொறுப்பு." ஒருவர் இருவர் முணுமுணுப்பார்கள். மற்றவர்கள் அனுப்பிவிடுவார்கள்.

என் ஏடிஎச்டியை வைத்துக்கொண்டு எப்படி உதவுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பேசி முடித்த இரண்டு நிமிடத்துக்குள் குரல் பதிவாகக் குறிப்பு எடுத்துவிடுவேன், இல்லையென்றால் மறந்துபோகும். ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் பார்ப்பதில்லை. கட்டணக் கணக்கு, ரசீது எல்லாம் என் தங்கை கையில். புதன்கிழமைதோறும் இன்னொரு கோச்சோடு உட்கார்ந்து என் பாக்கி வேலைகளை முடிக்கிறேன், நானும் மருந்து சாப்பிடுகிறேன். சொந்த அனுபவத்தால் கிடைத்த பெரிய லாபம், "ஒரு கவரைப் பிரிக்க என்ன கஷ்டம்?" என்ற கேள்வி எனக்குள் எழுவதே இல்லை என்பது. வருகிறவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே அதை உணர்ந்துவிடுகிறார்கள், அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள்.

அதில் ஆபத்தும் இருக்கிறது. ஆரம்பத்தில் எனக்கு உதவியதையெல்லாம் பிறர்மேல் ஏற்றினேன். எனக்கு விடிகாலை ஐந்து மணிதான் பொன்னான நேரம். ஒரு பெண்ணை ஆறு வாரம் ஐந்து மணிக்கு எழச் சொன்னேன். இரண்டு கைக்குழந்தைகள், ராத்திரித் தூக்கமே நாலு மணி நேரம்தான் அவளுக்கு. முடியவில்லை என்று சொல்லவும் கூச்சப்பட்டு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்தத் தப்பு என்னுடையது, இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அதிலிருந்து யோசனை சொல்லும் முன் அவர்களுடைய ஒரு நாளை முழுதாகக் கேட்கிறேன்.

சரி, 45,000 ரூபாய். நம் நாட்டில் ஏடிஎச்டி கோச்சுக்கு அரசு உரிமம் என்று ஒன்று இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். கோச்சிங்கைப் பற்றிய ஆய்வுகளும் இன்னும் குறைவு, என் தொழிலைப் பற்றி நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்று வலுவாக இருப்பது பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென்று அமைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சைக்கு. ஸ்டீவன் சாஃப்ரெனும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்களைப் போன்றவர்களை வைத்தே நடந்தது: மருந்து சாப்பிட்டும் தொல்லை மீதமிருந்த 86 பெரியவர்கள். உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆகவே முதலில் உங்கள் டாக்டரிடம், இந்தச் சிகிச்சை தெரிந்த, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் யாராவது அருகில் உண்டா என்று கேளுங்கள். செலவு பாரமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

அதன்பிறகும் கோச் வேண்டுமென்றால், மாதக் கட்டணமாகவோ ஒவ்வொரு முறைக்கோ வாங்குபவராகப் பாருங்கள். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்பது நம் பலவீனம் தெரிந்து கேட்பது. நமக்குத்தான் புதிதாக ஒன்றில் சேரும் அன்றைக்கு அவ்வளவு உற்சாகம் வருமே. எங்கே பயிற்சி பெற்றார், மனச்சோர்வு தெரிந்தால் யாரிடம் அனுப்புவார், வாரத்தின் நடுவில் எப்படித் தொடர்பில் இருப்பார் என்று கேளுங்கள். "குணப்படுத்துகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியது: சில நாள் எழுந்திருக்கவே தோன்றவில்லை என்று. எனக்கு அது சின்ன வரியாகப் படவில்லை. ஏடிஎச்டியோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவது சாதாரணம். தைராய்டு, ரத்தசோகையாலும் இந்தச் சோர்வு வரலாம். இதை அடுத்த முறைக்கென்று வைக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. வெளியே வர முடிந்தது.

உங்கள் மகனிடம் சொல்லிவிட்டீர்களா, அம்மாவுக்கும் உன்னைப் போலத்தான் என்று? ஒன்பது வயதில் எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவன் வீட்டுப்பாட நேரத்தில் நீங்கள் பில்களை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இருவருக்கும் ஒரே டைமர் போதும்.

இந்த மாதம் 15ஆம் தேதி காலை, அழைக்கத் தயங்கும் அந்த முதலாளியின் பெயரை முதலில் தாளில் எழுதுங்கள். மற்ற 21 பேருக்கு முன்னால் அவர். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு அழையுங்கள். பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எடுக்கவில்லை, திட்டினார், பில் அனுப்பிவிட்டார், எதுவானாலும் சரி.

அன்புடன்,
அக்கா